பதினொரு பிள்ளைகளுக்கும் ஒரே கஷ்டம்

“நீங்க புரோக்கரா?”

கொழும்பிலிருந்து பேசிய பெண் எடுத்த எடுப்பிலேயே இதைத்தான் கேட்டார். கடையில் அப்போது நல்ல கூட்டம். ஒருவர் போனுக்கு ரீலோட் போட நிற்கிறார். இன்னொருவர் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் கொப்பி எடுக்க நிற்கிறார். மெஷினில் டோனர் முடிந்து சிவப்பு விளக்கு மினுங்குகிறது.

“நான் கொமினிகேஷன் கடை வச்சிருக்கேங்க” என்றேன்.

“உங்க கடை விலாசத்துல இருந்து பதினொரு ஸ்கொலர்ஷிப் அப்ளிகேஷன் வந்திருக்கு. பதினொன்னுலயும் ஒரே கதை. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு எடுக்கிறீங்க?”

“கொப்பிக் காசு மட்டுங்க மேடம்.”

அவர் நம்பவில்லை. பதினொரு விண்ணப்பத்தையும் ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். முதலில் பவித்ரா என்ற பிள்ளையை விசாரிக்கப் போவதாகவும், அவளும் தகப்பனும் விண்ணப்பத்தைத் தயாரித்த ஆளும் அடுத்த புதன்கிழமை நேரில் வரவேண்டும் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் டோனரை மாற்றினேன். வேறு என்ன செய்வது, ஆட்கள் நிற்கிறார்களே.

டயகம பக்கத்தில் இருபத்து மூன்று வருடம் அந்தக் கடையை நடத்தினேன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், டைப்பிங், பிறகு ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம். முழங்காலும் கண்ணும் ஒன்றாகக் கைவிட்ட பிறகு கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞர்கள் சிலர், “அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்றார்கள். வெற்றிக் கதை எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

1. விலாசம் வந்த விதம்

நான் சொல்வது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் அல்ல. கெம்பஸ் போகும் பிள்ளைகளுக்குத் தனியார் நிதியங்களும் வெளிநாட்டில் இருக்கும் நல்ல மனிதர்களும் மாதாமாதம் கொடுக்கும் உதவி. கெம்பஸில் படிப்பு இலவசம்தான். தங்குவதும் சாப்பிடுவதும் பஸ் ஏறுவதும் இலவசம் இல்லை. அரசாங்க உதவி கைக்கு வருவதற்குள் முதல் வருடம் பாதி ஓடிவிடும். அந்தப் பாதி வருடத்தைத் தாண்ட முடியாமல் வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த உதவிகளைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மூலையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். பிறகு எல்லாம் வட்ஸ்அப் ஆகிவிட்டது. பத்து செய்தி வந்தால் நாலு பழையது, மூன்று பொய். முன்பணம் கேட்டால் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஒன்று போதும். உண்மையானதைக் கண்டுபிடித்தால் மற்ற ஓட்டம் ஆரம்பிக்கும். கிராம சேவகர் வாரத்தில் இரண்டு நாள்தான் ஒபீசில் இருப்பார். பிரதியை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கும் ஜே.பி. கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதாக மனேஜரின் கடிதம் வேண்டும். அதற்குத் தோட்ட ஒபீசில் கிளாக்கர் விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் சீல் குத்துவார். இத்தனைக்கும் தாய் தகப்பன் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். அரைப் பேர் போய்விடும், அதாவது பாதி நாள் சம்பளம்.

கடை தொடங்கிய சில வருடங்களில் சுதாகரன் என்ற பையன் வந்தான். அவனுக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டு ஒரு நிதியம் கடிதம் போட்டது. வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் ஒரே பையில் தோட்ட ஒபீசுக்குப் போகும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் பெரட்டுக்குப் போகாவிட்டால் கடிதம் மேசை லாச்சிக்குள் போகும். சுதாகரனின் கடிதம் அப்படி லாச்சிக்குள் போனது. கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து பதினெட்டு நாள்.

அடுத்த வருடம் அவனுக்கு நான் என் கடை விலாசத்தைப் போட்டேன். ‘மே/பா’, அதாவது மேற்பார்வை, என்று எழுதி என் கடைப் பெயர். கடிதம் நேராக என் கைக்கு வந்தது. அவனுக்கு உதவியும் கிடைத்தது. அதிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் கடை விலாசம்தான். நல்ல வேலை செய்கிறோம் என்றுதான் நினைத்தேன், அதில் சந்தேகமே இல்லை.

2. ராசியான வசனம்

எல்லா விண்ணப்பத்திலும் ஒரு பக்கம் இருக்கும்: ‘இந்த உதவி உமக்கு ஏன் தேவை? சொந்தக் கையெழுத்தில் எழுதுக.’ எங்கள் பிள்ளைகள் கணக்குப் போடச் சொன்னால் போடுவார்கள். தங்களைப் பற்றி எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சுதாகரனுக்கு நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ‘தோட்டத்தில் கூலி வேலை செய்யும் எனது தந்தை மதுப்பழக்கத்துக்கு அடிமையானவர். தாயின் உழைப்பிலேயே எமது குடும்பம் வாழ்கிறது. மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் நான் கல்வி கற்றேன்.’ அவன் விஷயத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவன் தகப்பன் சம்பள நாளில் வீடு வந்து சேர்ந்ததை அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்போது அவர்கள் லயத்துக்குக் கரண்டும் வரவில்லை.

அவனுக்குக் கிடைத்ததும் அந்த வசனத்தை ராசியானது என்று முடிவு செய்துவிட்டேன். கம்பியூட்டரில் டைப் செய்து ‘கஷ்டம்’ என்று பெயர் வைத்து சேமித்துக்கொண்டேன். பிள்ளை வந்தால் ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதிவிட வேண்டியது. பத்து நிமிட வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்த காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. லயங்களுக்குக் கரண்டு வந்தது, நான் அந்த வசனத்தை மாற்றவில்லை. கடையில் கூட்டம் கூடியது, என்னிடம் நேரம் குறைந்தது.

இது எங்கள் பழக்கமும்தான். வெளியூர்க்காரர் உதவி செய்ய வந்தால் நாங்கள் ஒழுகும் கூரையைத்தான் முதலில் காட்டுவோம். நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனால் உதவி கிடைக்காது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

3. பவித்ரா

அந்த வருடம் ஒரே நிதியத்துக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி பவித்ரா. அவளுக்குப் பொறியியல் பீடம் கிடைத்திருந்தது. அவர்கள் தோட்ட டிவிஷனில் அதற்கு முன் யாருக்கும் அது கிடைத்ததில்லை. தகப்பன் செல்வராஜ் கவ்வாத்து வேலை செய்கிறவர், தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி விடுகிற வேலை. தாய் கொழுந்து எடுக்கிறவர். கொழும்பில் ஒரு துணிக்கடையில் பவித்ராவுக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உதவி கிடைத்தால் கெம்பஸ், கிடைக்காவிட்டால் துணிக்கடை. செல்வராஜே இதை என்னிடம் சொன்னார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. தகப்பன் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிரின்ட்டைக் கொடுத்தேன். பவித்ரா முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, எங்கப்பா குடிக்க மாட்டாருக்கா.”

“அத யாரு வந்து பாக்கப் போறா? எழுது புள்ள.”

“வேற மாதிரி எழுதட்டுங்களா?”

“பஸ்ஸு வரப் போவுது. நாளைக்கு ஜே.பி. இருக்க மாட்டாரு. போன வருசம் இத எழுதின மூணு பேருக்கும் கெடச்சிச்சு. ஒனக்கு வேணுமா, வேணாமா?”

அவள் எழுதினாள். வேகமாகவும் எழுதினாள், முடித்துவிட்டால் போதும் என்பதுபோல. தகப்பனைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்து வைக்கும் இடத்தில் விரலை வைத்து, “இங்க ஒன்னு வைங்க தம்பி” என்றேன். அவர் வைத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

4. கொழும்பில்

புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டு, ஹட்டனில் மாறி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். செல்வராஜ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மூன்று பேருக்கும் டிக்கெட் அவரே எடுத்தார். நான் எடுக்கப் போனபோது, “நீங்க எங்களுக்காகத்தானே அக்கா வாறீங்க” என்றார்.

போனில் பேசிய அந்த நிதியத்துப் பெண் அதிகாரிதான் இருந்தார். நாற்பது வயது இருக்கும். மேசையில் பதினொரு தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்து. ஒன்றாகப் பார்த்தால் முழுக்க முழுக்க நான்.

“பதினொரு வீட்டிலயும் மண்ணெண்ணெய் விளக்கு” என்றார் அதிகாரி. “உங்க லயத்துல கரண்ட் இல்லையா?”

“இருக்குங்க மேடம்” என்றார் செல்வராஜ். “மாசாமாசம் பில்லு கட்டுறோம்.”

அதிகாரி அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நீங்க குடிக்கிறத இப்ப விட்டுட்டீங்களா? அதுக்கு உதவி செய்ற இடங்கள் இருக்கு. விலாசம் தரலாம்” என்றார். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

செல்வராஜுக்கு விளங்கவில்லை. அதிகாரி தாளை அவர் பக்கம் தள்ளினார். அவர் வாசித்தார். நன்றாகவே வாசிக்கத் தெரிந்தவர். ஒரு தடவை வாசித்துவிட்டு, கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடியும் மேலே போய் வாசித்தார்.

“எம் புள்ள எழுத்துதாங்க” என்றார். “கையெழுத்தும் என்னோடதுதான்.” தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு, “எங்கப்பா குடிச்சே செத்தாரு மேடம். அதுனால நான் அதத் தொட்டதே இல்ல” என்றார்.

“நான்தான் மேடம் எழுதுனேன். அது பொய்” என்றாள் பவித்ரா. அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப் போயிருந்தது.

“பொய்யான தகவல் குடுத்தா விண்ணப்பத்த நிராகரிக்கணும். அதுதான் விதி” என்றார் அதிகாரி.

நான் உடனே பேசவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் மற்றப் பத்துப் பிள்ளைகளின் விண்ணப்பமும் போய்விடுமோ என்று யோசித்தேன். என் கடையின் பெயர் கெட்டுவிடுமோ என்றும் யோசித்தேன். அந்த நேரத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளை என் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“அந்தப் புள்ள மாட்டேன்னுதாங்க சொல்லிச்சு” என்றேன் கடைசியில். “நான்தான் வற்புறுத்தினேன். பதினொன்னும் நான் குடுத்ததுதான். காசு வாங்கல. ஆனா எழுதினது நான்.”

“அப்ப இந்தப் பிள்ளைகளோட உண்மையான கஷ்டம் என்ன?”

“எனக்குத் தெரியாதுங்க மேடம்.”

அதுதான் உண்மை. பிறப்புச் சான்றிதழ் இலக்கத்திலிருந்து தகப்பனின் சம்பளம் வரைக்கும் எல்லாம் என் கையால் நிரப்பியவை. பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரையும் நான் கேட்கவே இல்லை.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைப் பவித்ராவிடம் கொடுத்து, “பக்கத்து அறையில உட்கார்ந்து எழுது. யாரும் சொல்லித் தர வேணாம்” என்றார். எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். பதினொரு விண்ணப்பத்திலும் அந்தப் பகுதியைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எத்தனையோ பேருக்குச் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று எழுதியது அது ஒன்றுதான். பவித்ரா முக்கால் மணி நேரம் எழுதினாள். செல்வராஜ் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

5. திரும்பி வந்த வழி

வழியில் பஸ் நிறுத்திய கடையில் அவர் மூன்று பிளேன்டீயும் மூன்று பணிஸும் வாங்கினார். எனக்கும் சேர்த்துத்தான். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மகள் முகம் கழுவப் போனபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏன்க்கா, சீல் குத்துறப்ப கிளாக்கரையா அத வாசிச்சிருப்பாரா?”

நான் பிளேன்டீயை எடுத்துக் குடித்தேன். கிளாக்கர் ஒவ்வொரு பக்கத்தையும் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

“இல்ல, லயத்துல கோயில் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. குடிக்காத ஆளுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க” என்றார். அவ்வளவுதான். மகள் வந்ததும் பேச்சை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு பெரட்டில் யாராவது அவரிடம் ஏதாவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அவர் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று வாரம் கழித்து பவித்ராவுக்கு உதவி கிடைத்ததாக அவள் தகப்பனின் போனுக்கே செய்தி வந்தது. மற்றப் பத்துப் பேரையும் அந்த அதிகாரி ஒவ்வொருவராகப் போனில் விசாரித்தார். ஆறு பேருக்குக் கிடைத்தது. நாலு பேருக்குக் கிடைக்கவில்லை. அந்த நாலும் என்னால் போனதா, இல்லை எப்படியும் கிடைத்திருக்காதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

விஷயத்தைச் சொல்ல பவித்ரா கடைக்கு வந்தாள். அன்றைக்கு அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். அவள் ஸ்கூலில் பௌதிகவியலுக்கு டீச்சர் இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் ஹட்டனுக்கு வகுப்புக்குப் போயிருக்கிறாள். மலைப் பாதையில் சிறுத்தை நடமாட்டம் என்று செல்வராஜ் விடியுமுன் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்து, வகுப்பு முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டி வருவாராம். இரண்டு வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. “அதத்தான் எழுதுனேன்க்கா” என்றாள். அப்படிப்பட்ட மனுசனைத்தான் நான் குடிகாரன் ஆக்கியிருந்தேன்.

‘கஷ்டம்’ என்ற அந்த ஃபைலை அன்றைக்கே அழித்தேன். அதற்குப் பிறகு விண்ணப்பத்துக்கு வரும் பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்து, “நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன செஞ்ச?” என்று கேட்பேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும். எழுதுவது அவர்கள் வேலை. விலாசம் அவர்களுடைய தோட்ட விலாசம். அதோடு இரண்டு போன் நம்பர். வாரத்துக்கு ஒரு தடவை ஒபீசுக்குப் போய்க் கடிதம் வந்ததா என்று கேட்கச் சொல்வேன். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றரை மணி நேரம் போனது. கொப்பி எடுக்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் வேறு கடைக்கும் போனார்கள். உங்களுக்கும் அப்படித்தான் ஆகும். களைத்துப் போவீர்கள். களைத்துப் போகிற நாளில் விண்ணப்பம் நிரப்பாதீர்கள், நாளைக்கு வரச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொன்ன அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

செல்வராஜ் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை. ரீலோட் போடவும் வேறு கடைக்குத்தான் போனார். நான் கடையைக் கொடுப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் வந்தார். இளைய மகனுக்குக் கெம்பஸ் கிடைத்திருந்தது. கையில் நிரப்பி முடித்த விண்ணப்பம்.

“கொப்பி மட்டும் எடுங்கக்கா” என்றார். “எழுத வேண்டியத எல்லாம் அவனே எழுதிட்டான்.”

நான் தாளை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் கவிழ்த்து மெஷினில் வைத்தேன்.

“கையெழுத்து வச்சாச்சா தம்பி?” என்று கேட்டேன். வாய்ப் பழக்கம்.

“வச்சாச்சு” என்றார். “இந்தத் தடவ வாசிச்சுட்டுத்தான் வச்சேன்.”